முன்னறையில் உட்காராதவள்

1

இதைக் கதையாக எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. பத்திரிகை ஆசிரியர் கேட்டது ஒரு கட்டுரை: ‘சிறிய வீட்டின் முன்னறையை அழகுபடுத்துவது எப்படி’. பெண்கள் பக்கத்துக்கு. ஜொகூர் பாருவில் கடைவீடுகளின் மாடியில் ஓர் அறையும் அதற்கு முன்னால் கொஞ்சம் இடமுமாகக் குடித்தனம் நடத்துபவர்கள் பெருகிவிட்டார்கள், அவர்களுக்கு நாலு நல்ல யோசனை சொல்லுங்கள் என்றார். நானும் அப்படியொரு மாடியில் இருப்பவள்தான். சரி என்றேன்.

கட்டுரை இப்படித் தொடங்கியது:

‘முன்னறை சிறியதென்று கவலைப்பட வேண்டாம். சன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டுங்கள், வெளிச்சம் இரட்டிப்பாகும். நாற்காலிகளின் கால்கள் சற்று உயரமாக இருக்கட்டும். தரை தெரிந்தால் இடம் பெரிதாகத் தோன்றும். எல்லாவற்றையும் விட முக்கியம், அந்த அறையில் உட்காருகிறவர்கள்...’

அந்த இடத்தில் நின்றுவிட்டது. மேலே எழுத வரவில்லை.

கண்ணாடி யோசனையும் நாற்காலி யோசனையும் என்னுடையவை அல்ல. எனக்கு அடுத்த அறையில் குடியிருக்கும் திலகம் அக்காவுடையவை. எங்கள் இரு அறைகளுக்கும் பொதுவான முன்னறையை அலங்கரித்தவர் அவர். திரைச்சீலைக்குக் கரை தைத்துக்கொண்டே, துண்டு துண்டாக, அவர் எனக்குச் சொன்ன ஒரு விஷயம் அந்த வாக்கியத்தின் குறுக்கே வந்து நின்றுகொண்டது.

(இனிமேல் அவரைத் ‘திலகம்’ என்றும் ‘அவள்’ என்றும் எழுதப்போகிறேன். கதையென்றால் அதுதான் வசதி. நேரில் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘திலகம் கர்வம் பிடித்தவள்.’ அடித்துவிட்டேன். கர்வக்காரி என்று வைத்துக்கொண்டால் எனக்கும் சுலபம், உங்களுக்கும் சுலபம். ஆனால் அவள் அப்படிப்பட்டவள் அல்ல.

இரண்டாவது: ‘யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிய திலகம்...’ வேண்டாம். கப்பலிலிருந்து இறக்குவதற்குள் தாள் தீர்ந்துவிடும்.

மாடியிலிருந்தே தொடங்குகிறேன். திலகத்தின் கணவர் கனகசுந்தரம் நில அளவை அலுவலகத்தில் கிளார்க். இப்போது நான் இருக்கும் அறையில் அப்போது இருந்தவர்கள் வீரமுத்துவும் அவன் மனைவி பேச்சியம்மாளும். வீரமுத்துவுக்கு ரயில் என்ஜினில் கரி தள்ளும் வேலை. பேச்சியம்மாள் ரப்பர் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். இங்கே வந்த பிறகு அன்னாசிப்பழம் டின்னில் அடைக்கும் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

முன்னறையில் கடலைப் பார்த்து இரண்டு சன்னல்கள். மற்றபடி காறை உதிர்ந்த சுவரும் ஒரு கயிற்றுக் கொடியும்தான். திலகம் வந்த வாரமே கொடியைக் கழற்றிப் பின்பக்கம் கட்டினாள். கண்ணாடியை மாட்ட ஆணி அடித்தபோது பேச்சியம்மாள்தான் அதைத் தாங்கிப் பிடித்தாள்.

“அலமாக்! கடலே உள்ள வந்துருச்சேக்கா!”

“வரட்டும். அதுவும் ஒரு பக்கமா இருந்திட்டுப் போகட்டும்.”

அதற்கப்புறம் இருவருக்கும் அந்த அறைதான் விளையாட்டு. கனகசுந்தரம் மூவாரிலிருந்து இரண்டு பிரம்பு நாற்காலிகளைத் தருவித்தார். திலகம் அவற்றுக்குப் பூப்போட்ட உறை தைத்தாள். பேச்சியம்மாள் ஆலையில் அச்சுப் பிசகி ஒதுக்கிய டின் லேபல்களைக் கேட்டு வாங்கி வந்தாள். மஞ்சள் பழமும் பொன்நிறக் கோடும் போட்ட காகிதம். அதைச் சுவரின் மேல்பக்கம் கரைபோல ஒட்டலாம் என்பது அவள் யோசனை. திலகம் முதலில் தயங்கினாள். பிறகு பசை காய்ச்சியவளும் முக்காலியைப் பிடித்துக்கொண்டவளும் அவளே. ஒட்டி முடித்துப் பார்த்தால், சேலைக்குச் சரிகை வைத்ததுபோல அந்த அறைக்கே ஒரு களை வந்துவிட்டது.

ஆண்கள் வேலைக்குப் போனபின் ஆளுக்கொரு நாற்காலியில் உட்காருவார்கள்.

“நாற்காலில உக்காந்தா எனக்குக் காலு தொங்குதுக்கா. யாரு காலோ மாதிரி இருக்கு.”

“பழகிப்போகும். சாய்ஞ்சு இரு.”

பேச்சியம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆலைக்குப் போவது நின்றது. தூளியை முன்னறை உத்தரத்தில்தான் கட்டினார்கள், காற்று அங்கேதான் வரும் என்று. திலகத்துக்குக் குழந்தையில்லை. தூளிக் கயிறு பெரும்பாலும் அவள் கையில்தான் இருக்கும்.

3

திலகத்தின் தங்கை செல்லப்பாக்கியம் ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். தகப்பன் இறந்த பிறகு அவளுக்கு அக்காள் வீடுதான் கதி. இரண்டு சம்பந்தங்கள் வந்து தட்டிப்போயிருந்தன. மூன்றாவதாகச் சிங்கப்பூரில் நல்ல உத்தியோகத்திலிருந்த ஒரு பையன். அவன் தாயும் மாமனும் காரில் பாலம் கடந்து வந்து வீட்டைப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

“திலகம், சுவரில இருக்கிற அந்த டின் காகிதங்களைக் கழட்டச் சொல்லும்” என்றார் கனகசுந்தரம். “தூளியும் உள்ளுக்கை போகட்டும். ஒரு நாளைக்குத்தானே.”

“நான் எப்பிடிச் சொல்லுறது? அது அவளின்ர முன்னறையும்தானே.”

“உம்மட தங்கச்சியின்ர வாழ்க்கை. யோசிச்சுப் பாரும்.”

திலகம் இரண்டு நாள் சொல்ல முடியாமல் திரிந்தாள். கடைசியில் பேச்சியம்மாளே கேட்டாள், என்னக்கா முகம் ஒரு மாதிரி இருக்கு என்று. சொன்னதும் சிரித்துவிட்டாள்.

“இதக் கேக்கவா இம்புட்டு யோசிச்சீங்க? நம்ம தங்கச்சி கல்யாணங்க்கா!”

வெந்நீர் தொட்டு லேபல்களைச் சுரண்டி எடுத்தாள். பாதி வரவில்லை, அந்தப் பாதிக்குத் திரைச்சீலை போட்டு மறைத்தார்கள். தூளியை அவிழ்த்துத் தன் அறைக்குள் கட்டினாள். அன்று விடிந்ததிலிருந்து வடைக்கு ஆட்டினாள், தரையைத் துடைத்தாள், குளித்து, தன் கல்யாணச் சேலையை உடுத்திக்கொண்டாள். பெண் வீட்டில் ஒருத்தியாக நிற்கும் நாள் அது என்று அவள் நினைத்திருந்தாள்.

மாப்பிள்ளையின் தாய் ஒரு நாற்காலியில், மாமன் மற்றதில். அறையைச் சுற்றிப் பார்த்து, நல்ல வடிவாய் வைச்சிருக்கிறியள் என்றாள் அந்த அம்மாள். அப்போது பேச்சியம்மாள் தேநீர்த் தட்டோடு வந்தாள்.

“இது ஆர்?”

“வேலைக்கு நிக்கிற பிள்ளை” என்றாள் திலகம்.

பேச்சியம்மாள் தட்டை இறக்கினாள். கோப்பைகளை வைத்தாள். குடித்து முடித்ததும் அந்த அம்மாள் ஏறிட்டுப் பார்க்காமலே காலிக் கோப்பையை நீட்டினாள். பேச்சியம்மாள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

4

[வேறு பிரதி: “இது ஆர்?” “என்ர தங்கச்சி மாதிரி, மாமி. பக்கத்து அறை” என்றாள் திலகம். மாப்பிள்ளையின் தாய் தலையசைத்தாள்.

அடித்துவிட்டேன். இவ்வளவு சின்ன வாக்கியம். சொல்லியிருந்தால் எனக்குக் கதை கிடைத்திருக்காது. அவர்களுக்குக் கதை தேவைப்பட்டும் இருக்காது.]

இங்கே எனக்குத் திலகத்தின்மேல் சந்தேகம் வருகிறது. யோசித்துச் சொன்னாளா, வாய் தவறியதா? நான் அவரிடமே கேட்டேன். கரை தைப்பதை நிறுத்தாமல், “யோசிச்சுத்தான் சொன்னனான்” என்றார். “கண்ணிமைக்கிற நேரம்தான். ஆனா அதுக்குள்ள எல்லாத்தையும் யோசிச்சிட்டன்.”

சம்பந்தம் கைகூடியது. செல்லப்பாக்கியம் சிங்கப்பூரில் நன்றாக இருக்கிறாள், கணவன் நல்லவன். இதை மறைத்து, கல்யாணம் நின்றுபோனதாக எழுதலாமா என்று பார்த்தேன். தப்புச் செய்தவளுக்குப் பலன் கிடைக்கவில்லை என்றால் படிக்கிறவர்களுக்கு ஒரு நிம்மதி. ஆனால் அந்தச் சொல் வீண்போகவில்லை. ஒரு பெண்ணுக்கு வாழ்க்கை வாங்கித் தந்திருக்கிறது. அதனால்தான் திலகத்தால் அதைத் தூக்கிப் போடவும் முடியவில்லை.

5

சண்டை வரும் என்று திலகம் காத்திருந்தாள். வரவில்லை. மறுநாள் காலை பேச்சியம்மாள் எப்போதும்போல முன்னறையைப் பெருக்கினாள். “அம்மா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?” என்றாள்.

‘அக்கா’ போய்விட்டது.

நாற்காலியில் உட்காருவதும் போய்விட்டது. குழந்தைக்குப் பாலூட்ட வேண்டுமென்றால் வாசற்படியோரம் தரையில் உட்காருவாள். தூளி அவள் அறைக்குள்ளேயே இருந்தது. அங்கே புழுங்குமே, வெளியே கட்டு என்று திலகம் சொன்னாள். “பரவாயில்லம்மா, பழகிருச்சு” என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் திலகம் அதைப் பிடித்துக்கொண்டு பேசியிருப்பாள். மரியாதை மட்டும்தான் இருந்தது.

ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

“ஏன் பேச்சி என்னை அம்மா எண்டு கூப்பிடுறாய்?”

“வேற எப்படிம்மா கூப்பிடுறது?”

திலகம் நாற்காலியிலிருந்து இறங்கி அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உடனே பேச்சியம்மாள் குழந்தையை அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“அய்யோ, நீங்க எதுக்கும்மா கீழ உக்கார்றீங்க? சேலை அழுக்காயிரும்.”

சுவரோடு ஒட்டி நின்றாள். திலகமும் எழுந்தாள். இரண்டு நாற்காலிகளும் காலியாகக் கிடக்க, இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

[“ஏன்டி இப்படி இருக்க? அந்தம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?” என்று வீரமுத்து கேட்டான். “ஒண்ணும் சொல்லல. நல்லவங்கதான்” என்றாள் பேச்சியம்மாள். — இது என் கற்பனை. நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர்தான். ஆனாலும் திலகம் ஒட்டுக்கேட்பவள் அல்ல. பேச்சியம்மாள் வாயால் திலகத்தை நல்லவள் என்று ஒரு தடவை சொல்ல வைக்க எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.]

ஏன் அப்போதே மன்னிப்புக் கேட்கவில்லை என்பீர்கள். ஒரே கூரை, ஒரே முன்னறை, மாதக்கணக்கில். கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் “சொல்லுங்கம்மா” என்று எதிரே வந்து கைகட்டாத குறையாக நிற்பவளிடம் என்ன கேட்பது? கேட்டால் அதுவும் எஜமானி வேலைக்காரியிடம் கேட்டதாகத்தானே ஆகும்? இதுவும் திலகம் அக்கா சொன்னதுதான். சாக்கு என்று எனக்குத் தோன்றியது. நான் சொல்லவில்லை.

6

வீரமுத்துவைக் குளுவாங்குக்கு மாற்றினார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்று அவனுக்குச் சந்தோஷம். திலகம் ஒரு நாற்காலியைக் கொண்டுபோகச் சொன்னாள். “அங்க வைக்க இடம் இருக்காதும்மா” என்று பதில் வந்தது.

அவர்கள் புறப்பட்டுப் போன பிறகு, திலகம் கூந்தலைக்கூட ஒழுங்காக முடியாமல் ரிக்‌ஷா பிடித்து ஸ்டேஷனுக்குப் போனாள். வீரமுத்து தண்ணீர் பிடிக்க இறங்கியிருந்தான். பேச்சியம்மாள் சன்னலோரம் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

“பேச்சி, அண்டைக்கு நான் சொன்னது பிழை. தெரிஞ்சுதான் சொன்னனான். என்னை மன்னிப்பியா?”

இதுவரை எனக்குச் சொன்ன திலகம் அக்கா இதற்கு மேல் சொல்லவில்லை. “பிறகு?” என்றேன். “பிறகென்ன, வண்டி போயிட்டுது” என்று ஊசியில் நூல் கோத்தார்.

ஆகவே நானே எழுதிப் பார்த்தேன்.

“போங்கக்கா, அத நான் அன்னைக்கே மறந்துட்டேன்.” இதை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. ஆனால் மறந்தவள் ஏன் அத்தனை மாதம் தரையில் உட்கார்ந்தாள்?

“மன்னிக்க நான் யாரும்மா?” நல்ல வாக்கியம். எழுதிவிட்டு இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். அதனால்தான் நம்பவில்லை. அது பேச்சியம்மாளின் கோபம் அல்ல, என்னுடைய சாமர்த்தியம்.

மூன்றாவதாக, அவள் ஒன்றும் பேசாமல் இருக்க வண்டி நகர்வதாக. எழுதுகிறவர்களுக்கு மௌனம் ரொம்ப வசதி. எல்லாவற்றையும் சொன்னதுபோலவும் இருக்கும், எதையும் சொல்லாமல் தப்பித்ததாகவும் இருக்கும்.

மூன்றையும் அடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பேச்சியம்மாள் எதிரே நிற்கும்போதே, அவள் யார் என்று அவளைக் கேட்காமல் இன்னொருத்தி சொன்னாள். இப்போது அவள் என்ன சொன்னாள் என்று, அவளைக் கேட்காமல், நான் சொல்லப் பார்க்கிறேன். குளுவாங் ஒன்றும் தூரமில்லை. காலையில் வண்டியேறினால் போய்க் கேட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். போகவில்லை. போயிருந்தால் அவள் என்னையும் அம்மா என்றுதான் கூப்பிட்டிருப்பாள் என்று பயம்.

அதனால் முடிவை எழுதப்போவதில்லை. உங்களுக்கு ஒன்று தோன்றலாம். அது உங்களுடையதாகவே இருக்கட்டும், அவளுடையது என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

வண்டி இன்னும் நிற்கிறது. திலகம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறாள். பேச்சியம்மாள் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, அந்தத் தேநீர் நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, அவள் முகத்தை நேராகப் பார்க்கிறாள்.