இரண்டாவது பூச்சு

அச்சரப்பாக்கத்தில் கட்டிய புதுவீட்டில் குடிபுகுந்து ஆறு மாதங்கள்கூட நிறைவடையவில்லை. அதற்குள் கீழறையின் கூரையில் ஈரம் படர்ந்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரலாயிற்று. அவ்வறையில்தான் பிரபாவதியின் கணவர் ராஜாராம் படுத்திருந்தார். மூச்சிரைப்பு நோயாளியாகிய அவரால் மாடியேற இயலாது.

அறைக்கு நேர்மேலே அமைந்த குளியலறையில் கொத்தனார் ஆனந்தன் டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். வாசலில் நின்ற பிரபாவதியின் காதில் உளியின் ஓசை விழுந்தது; உள்ளத்தில் எதுவும் விழவில்லை.

"பாருக்கா, ஒரே கோட்டு பூச்சு. மூலையில விரிசல் வுடாம இருக்க ஒட்டுற வலை கூட ஒட்டல. நான் செஞ்ச வேலைதான், எனக்கே பாக்க கூச்சமா கீது."

குடிபுகுவதற்கு முன், வைகாசியின் கடைசி முகூர்த்தத்திற்கு நான்கு நாட்கள் இருந்தபோது, நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சை இன்னொரு முறை அடித்து, மூன்று நாள் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்த பின்பே டைல்ஸ் ஒட்ட வேண்டும் என்று அவன் மன்றாடினான். ஆனியும் ஆடியும் புதுமனை புக ஆகாத மாதங்கள். ஆவணிவரை வாடகை வீட்டில் கிடக்க அவளுக்கு மனமில்லை. "நாளைக்கே ஒட்டிடு ஆனந்தா. அவர்கிட்ட ஒண்ணும் சொல்லிக்காத" என்றவள் அவளே.

கீழிருந்து ராஜாராம், வீடு கட்டும் நண்பர் திருவேங்கடத்திடம் தொலைபேசியில் பேசுவது படிக்கட்டு வழியே கேட்டது. "ஆனந்தனா? வேணாம் திருவேங்கடம். என் வூட்டுல அவன் செஞ்ச வேல தலைக்கு மேல ஒழுவிகினு கீது."

உளி நின்றது. "அணுபுரத்துல அவரு வூட்டு வேலைய நம்பித்தான் ரெண்டு ஆள நிறுத்தி வச்சிகீறேன்" என்றான் ஆனந்தன், சுவரைப் பார்த்தபடி. "சரி, வுடுக்கா."

பிரபாவதி இறங்கிச் சென்று, கணவரின் கையிலிருந்த தொலைபேசியை வாங்கினாள்.

"அண்ணே, அவன் மேல தப்பு இல்ல. தண்ணி கட்டிப் பாக்கணும்னு கெஞ்சினான். முகூர்த்தம் தவறிடும்னு நான்தான் தடுத்தேன்."

மறுமுனையிலிருந்து திருவேங்கடத்தின் குரல் வந்தது. "அப்டியா சேதி? சரிம்மா, அவனையே அனுப்பு."

ராஜாராம் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "எத்தினி நாளா அவனத் திட்டிகினு கீறேன். நீயும் பக்கத்துல குந்திகினு கேட்ட."

"கேட்டேன்."

அவள் அழுவாள் என அவர் காத்திருந்தார் போலும். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. இருமல் அடங்கிய பின் அவர் மாடியை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"ஆனந்தா, இந்தவாட்டி எத்தினி நாளு ஆவும்?"

"ரெண்டு கோட்டு, அப்பால மூணு நாளு தண்ணி. ஒரு வாரம் ஆவும் அண்ணாத்த."

"பத்து நாளு எடுத்துக்கோ. நாளு மட்டும் உங்கக்காகிட்ட கேக்காத."

மேலே ஆனந்தன் சிரித்தான். பிரபாவதி கணவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மெத்தையைச் சுருட்டிக் கூடத்திற்கு எடுத்துச் சென்றாள். அது ஈரத்தில் ஊறிக் கனத்திருந்தது.