மூன்றாம் ரேக்கின் கசிவு

மனநல மருத்துவமனையின் கணினியை மூன்றாம் ரேக்கிலிருந்து ஏழாம் ரேக்குக்கு மாற்றிய செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாம் ரேக்கின் அடியிலிருந்து நோயாளிகளின் நினைவு கசிந்து தரையில் ஓடியது. பழுப்பு நிறம், கஞ்சிப் பதம், ஈரத் துணியை மூட்டையாகக் கட்டிவைத்த நாற்றம்.

ஊரார் கணினிகளுக்கு இடம் கொடுக்கும் நிறுவனம் அது. அங்கே ரேக் என்ற இரும்பு அடுக்கில் இருக்கும் ஒரு பெரிய சர்வருக்குள் பத்துப் பன்னிரண்டு கணினிகள் வாடகைக்கு இருக்கும். கணினி என்று பெயரே தவிர, தொட்டுப் பார்க்க உடம்பு கிடையாது. ஒன்றை இடம் மாற்றும்போது அதை அணைப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவகத்தைப் பக்கம் பக்கமாக நகலெடுப்பார்கள். அதற்குள் மாறிவிட்ட பக்கங்களை மறுபடி எடுப்பார்கள். கடைசியில் ஒரு நொடி நிறுத்தினால் புது இடத்தில் கண் விழித்துக்கொள்ளும். பழைய இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பித் துடைத்த பிறகுதான் அடுத்தவரைக் குடிவைக்க வேண்டும். அன்று அடுத்துக் குடிவர இருந்த செருப்புக் கம்பெனிக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். "துடைக்கிறதுக்காக அவங்களைக் காக்க வைக்கணுமா? விடும்மா, எவன் வந்து பார்க்கப்போறான்" என்றார் மேலாளர். மாற்றும் வேலையைச் செய்த பெண்ணையும் நான் சும்மா விடப்போவதில்லை. தலையாட்டிவிட்டுத் துடைக்காமலே விட்டாள்.

எல்லோரும் வந்து பார்த்தார்கள். கசிவை மிதித்த காவலாளிக்கு, யாரோ ஒரு ஆசிரியர் வகுப்பறைக்குப் பயந்து கழிப்பறையில் ஒளிந்திருந்தது சொந்த நினைவாகவே வந்தது. விஷயம் பரவியதும் காப்பிக் கோப்பையும் கையுமாகக் கூட்டம் கூடியது. படித்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், குனிந்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவன் நக்கியே பார்த்தான். "டேய், இங்க வாடா, இது நம்ம பேங்க் அம்மாவோடது! அழுகை வந்தா பீரோவுக்குள்ள போய் உக்காந்துக்குவாங்களாம்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது.

மாற்றும் வேலையைச் செய்தவள் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளுடைய அக்கா இரண்டு வருடமாக அந்த மருத்துவமனைக்குத்தான் போய்வந்தாள். வீட்டில் மற்றவர்கள் தையல் வகுப்பு என்று நம்பியிருந்தார்கள். கூட்டத்தில் மூன்று பேருக்கு அக்காவைத் தெரியும்.

ஓடிப்போய் மூன்றாம் ரேக்கில் பூஜ்யங்களை நிரப்பினாள். கசிவு நின்றது. வெளியே வந்துவிட்டதைக் கையால்தான் துடைக்க வேண்டியிருந்தது. "தள்ளுங்க! வெக்கமா இல்ல உங்களுக்கெல்லாம்?" என்று கத்திக்கொண்டே மண்டியிட்டாள். கையுறைக்குள்ளும் அது ஊறியது. நூற்றுக்கணக்கானவர்களின் பயமும் அவமானமும் அவள் மேல் ஏறின. சுவரோரம் தேங்கியிருந்தது அக்காவுடையது. "என் தங்கச்சி சிரிச்சாலே எனக்கு எரியுது டாக்டர். அவளுக்கு ஏதாவது ஆகணும்னு தோணுது. எனக்கே என்னைப் பிடிக்கல."

மற்றவர்களுடையதைத் துடைத்த அதே துணியால் அதையும் துடைத்து, வாளியில் பிழிந்தாள்.

அன்று இரவு வீட்டில் சாப்பிடும்போது அக்கா, "என்னடி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். "வேலை ஜாஸ்திக்கா" என்றாள் இவள்.

இடம் மாற்றும்போது செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலில், பூஜ்யம் நிரப்புவதற்கு அடுத்த வரியாக இப்போது வாளி, துணி என்று இருக்கிறது. யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மாதாமாதம் அக்காவை இவள்தான் மருத்துவமனைக்கு அழைத்துப்போகிறாள். அக்கா இருக்கும் அறையில் இவள் சிரிப்பதில்லை.