பாட்டில் வேலை

விடியும் முன்பே சூளையின் வாயைப் பிரித்துவிடுவோம். செங்கல் இன்னும் அடங்காத சூட்டோடு இருக்கும். பழைய டயர் டியூபை வெட்டிக் கையில் மாட்டிக்கொண்டு, தலைச்சுமையாக லாரிக்குக் கொண்டுபோவோம். தூசி மூக்கில் ஏறி, துப்பினால் எச்சிலும் சிவப்பாக வரும். பாதி லாரி நிறைந்த பிறகுதான் முதலாளி எழுந்து பல் துலக்குவார். பாவம், அவருக்கும் ஆயிரம் வேலை.

அது பழைய பெட்ரோல் லாரி. முதலாளியின் அப்பா வாங்கியது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், வண்டிக்குத்தான் இன்னும் விடுதலை கிடைக்கவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் விரிசல் விட்டிருந்தது. டிரைவர் அண்ணன் துணி சோப்பைப் பிசைந்து அதில் அப்புவார். வாஷருக்கு டியூப் ரப்பர், திருகு தேய்ந்த இடத்தில் கட்டுக்கம்பி. அப்படியும் மேட்டில் ஏறும்போது கிண்ணம் வற்றி இன்ஜின் திணறும். அதற்கு முதலாளி கண்டுபிடித்த வைத்தியம்தான் பாட்டில். பானெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஓர் ஆளை மட்கார்டின் மேல் உட்கார வைத்தார். வண்டி திணறும்போதெல்லாம் அவன் பாட்டிலிலிருந்து கார்புரேட்டரின் வாயில் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

இந்த வேலைக்கு நாங்கள் அடித்துக்கொண்டோம் என்பதுதான் வெட்கக்கேடு. பாட்டில் பிடிக்கிறவன் அன்று கல் சுமக்க வேண்டாம், காற்று வாங்கிக்கொண்டே போய்வரலாம். அதற்காக அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பரிசு கொடுப்பதுபோலப் பாட்டிலை நீட்டுவார். கிடைத்தவன் பல்லைக் காட்டி வாங்குவான். அவன் பெண்டாட்டி அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடப்பாள்.

என் வீட்டுக்காரர் பாட்டில் பிடித்த அன்று, பாலத்து மேட்டில் இன்ஜின் ஒரு தடவை இருமியது. கார்புரேட்டர் கக்கிய தீ பாட்டிலைப் பற்றியது. டிரைவர் அண்ணன் சாக்கைப் போட்டுச் சுற்றி அணைப்பதற்குள் வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். வந்தவர், வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று டிரைவர் அண்ணனிடம் விசாரித்தார். புதுசுகூட வேண்டாம், பழைய சாமான் கடையில் நல்ல கார்புரேட்டர் சல்லிசாகக் கிடைக்கிறது என்று அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். பழசைக் கழற்றிவிட்டுப் பழசையே மாட்ட எனக்கென்ன கிறுக்கா என்றார் முதலாளி. அப்போதுதான் தன் காருக்குப் புது சீட் உறை போட்டிருந்தார். அதன்மேல் இருந்த பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை, சூளைத் தூசி படக்கூடாதாம்.

கட்டு பிரிப்பதற்கு முன்பே, சூளையில் எங்களுக்கு விட்டிருந்த அறையின் வாசலில் வந்து நின்றார்.

“இன்னும் எத்தனை நாள் படுத்திருக்கப் போறான்? ரூமுக்கு வேற ஆளுங்க கேக்கறாங்க.”

“கை வெந்து கெடக்குதுங்க. கல்லை எப்படித் தூக்குவாரு?”

“கல்லை யாரு தூக்கச் சொன்னா? வலது கைதானே போச்சு. பாட்டில் பிடிக்க இடது கை போதும்.”

கருணையாம். சிரிப்பு வேறு. இந்த ஆளிடமா பல்லைக் காட்டினோம் என்று காறித் துப்பத் தோன்றியது. வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி, வருகிறேன் என்று சொல்லிவிடச் சொன்னார். நான் சொல்லவில்லை. முதலாளியின் கார் திரும்பிய கையோடு, வரிசையில் இருந்த ஒவ்வோர் அறையிலும் ஏறி இறங்கினேன். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன், என் பங்குக்கு எதையும் சேர்க்கத் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை லாரி நிறைந்து நின்றது. முதலாளி பாட்டிலை நீட்டினார். எப்போதும் முதல் ஆளாக ஓடிவந்து வாங்கும் நெட்டையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அடுத்தவனிடம் நீட்டினார், அவன் வானத்தைப் பார்த்தான். கடைசியில் தன் காதும் கண்ணுமாக இருந்த மேஸ்திரியிடமே நீட்டினார். எனக்குப் பிள்ளைகுட்டி இருக்குதுங்க என்று மேஸ்திரி பின்வாங்கினார். எங்கள் வீடுகளில் வளர்வதெல்லாம் கோழிக்குஞ்சு என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாரோ என்னவோ.

டிரைவர் அண்ணன் கார்புரேட்டரைக் கழற்றிக் கொண்டுவந்து முதலாளியின் மேசைமேல் வைத்தார். சோப்பும் பெட்ரோலுமாக வழிந்து, அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பர் நனைந்தது.

“இதை மாத்துங்க. மாத்தினா வண்டி எடுக்கறேன்.”

“என்கிட்டயே சட்டம் பேசறியா? ஒரு போன் போட்டா பத்து வண்டி வந்து நிக்கும்.”

“போடுங்க,” என்றேன் நான். “வர்றவனுக்கும் ரெண்டு கைதான் இருக்கும்.”

போட்டார். நாங்கள் கல் அடுக்குக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தோம். வெயில் ஏறியபோது வாடகை லாரி ஒன்று உள்ளே வந்தது. அதன் டிரைவர் இறங்கி, கல் ஏற்ற ஆள் எங்கே என்று கேட்டார். திமிர் பிடித்த கூட்டம், பசித்தால் தானாக எழுந்து வரும் என்றார் முதலாளி. டிரைவர் எங்களிடம் வந்து விஷயத்தைக் கேட்டார். வீட்டுக்காரர் கட்டுப் போட்ட கையோடு எழுந்து நின்றார். டிரைவர் அந்தக் கையைப் பார்த்தார், மேசைமேல் இருந்ததையும் பார்த்தார். திரும்பிப் போய் வண்டியில் ஏறி இன்ஜினைக் கிளப்பினார்.

“பாத்தீங்களா? பிழைக்கத் தெரிஞ்சவன்,” என்று முதலாளி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

லாரி பின்னால் நகர்ந்து, வளைந்து, வாசலை அடைத்துக் குறுக்கே நின்றது. இனி முதலாளியின் கார்கூட வெளியே போக முடியாது. டிரைவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எங்களிடம் நடந்து வந்தார். முதலாளி மறுபடியும் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் தள்ளி உக்காரும்மா,” என்றார் டிரைவர்.

எல்லோரும் நகர்ந்து அவருக்கு இடம் விட்டோம்.