வாய்க்கால் பக்கத்துக்கு வேலி

டச்சு மாகாணமான ஃப்ரீஸ்லாந்தில் வாய்க்காலை ஒட்டி யாரும் வேலி போடுவதில்லை. தண்ணீரே காவல் இருக்கும்போது கம்பிக்கு வேறு தண்டம் அழுவானேன்? நாற்பத்தொரு வயதுவரை இதைப் பார்த்தே வளர்ந்த ஹிஸ்கெ, சுற்றளவுக் கணக்கில் இதனாலேயே குப்புற விழுந்துகொண்டிருந்தாள்.

நீர் வாரியத்தின் சர்வேயர் படிப்பில் அவளுக்கு ஓர் இடம் வைத்திருந்தார்கள். கணக்குப் பரீட்சையில் தேறினால் போதும். போன தடவை கோட்டைவிட்டாயிற்று. இந்தத் தடவையும் விட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். மாட்டுக் கொட்டிலுக்கு வெளியே தனக்கென்று ஒரு வேலை வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. புருஷன் யெல்மரிடம் சொன்னபோது அவன் "பார்க்கலாம்" என்றதோடு சரி. அந்தப் "பார்க்கலாம்" அவளை அறுத்துக்கொண்டே இருந்தது.

ஆனாலும் பால் கறக்கும் நேரத்தில் கணக்கை அவன்தான் வாசித்தான்.

"செவ்வக மேய்ச்சல் நிலம். அகலத்தைவிட நீளம் முப்பது மீட்டர் கூட. சுத்திலும் வேலி முந்நூறு மீட்டர். அகலம் எவ்வளவு?"

"அகலம் x. நீளம் x கூட்டல் முப்பது. ரெண்டு அகலம், ஒரு நீளம்... 3x கூட்டல் முப்பது சமம் முந்நூறு. x தொண்ணூறு!"

"இன்னொரு நீளத்தை மாடு மேஞ்சிடுச்சா?"

"அந்தப் பக்கம் வாய்க்கால் இருக்குமே!"

"கணக்குல ஏது வாய்க்கால்? ராத்திரியோட ராத்திரியா நீ போய் வெட்டினியா? நாலு பக்கம், அம்மா தாயே, நாலு! 4x கூட்டல் அறுபது. x அறுபது."

பரீட்சை அன்று காலையில், மாட்டுக்கு அடையாளம் போடும் நீலக் கட்டியால் அவள் உள்ளங்கையில் பெரிதாக ஒரு 4 போட்டு அனுப்பினான்.

கடைசிக் கணக்கு மேய்ச்சல் நிலம். நீளம் முப்பது மீட்டர் கூட, வேலி இருநூற்றுப் பத்து மீட்டர். ஹிஸ்கெ கையைப் பார்த்தாள். 4x கூட்டல் அறுபது சமம் இருநூற்றுப் பத்து. அகலம் முப்பத்தேழரை. அப்பாடா என்று பேனாவை மூடினாள்.

நேரம் மிச்சமிருந்தது. சரிபார்க்க, கம்பிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த நிலத்தை மனசுக்குள் சுற்றி வந்தாள். ஓர் அகலம், ஒரு நீளம், இன்னோர் அகலம். அடுத்த அடி வைத்தால் கால் தண்ணீரில்! இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? கணக்கை மறுபடி வாசித்தாள். "ஒரு நீளப் பக்கம் வாய்க்காலை ஒட்டியது, அங்கே வேலி இல்லை." ஐயையோ! முதலில் இந்த வரியைக் கண் வாசித்துத்தான் இருந்தது. வாய்க்கால் ஓரம் வேலி இல்லை என்பது அந்த ஊர்க்காரிக்கு ஒரு செய்தியா என்ன, அப்படியே தாண்டிவிட்டாள். எச்சில் தொட்டு உள்ளங்கையை அழித்துவிட்டு எழுதினாள். 3x கூட்டல் முப்பது. x அறுபது.

வெளியே கதவில் விடைகளை ஒட்டினார்கள். ஒன்றே ஒன்றுதான் தப்பு. தேறிவிட்டாள்.

சைக்கிளை விட்டு அவள் இறங்குவதற்குள் யெல்மர் ஓடிவந்தான்.

"நாலு பக்கமும் போட்டியா?"

"இல்ல. மூணுதான் போட்டேன்."

கிண்டல் வரும் என்று காத்திருந்தாள். அவன் முகம் செத்துப்போயிற்று.

"என் தப்புதான்னு வச்சுக்கோ. மாட்டைப் பார்த்துக்கிட்டே அரைகுறையா சொல்லிக்கொடுத்தேன். விடு, அடுத்த வருஷம் எழுது. காலைக் கறவையை நான் ஒண்டியா பார்த்துக்கிறேன். நீ அந்தப் படிப்புக்குப் போகணும் ஹிஸ்கெ."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை நாள் ஏங்கினாள்!

"சொன்னது சொன்னதுதானே? பேச்சு மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்."

"அப்ப அடுத்த வருஷம் வரைக்கும் எதுக்கு? வர்ற மாசத்துலேர்ந்தே ஒண்டியா கற. இந்தத் தடவை கணக்குல வாய்க்கால் இருந்துச்சு."