பின் சில்லுக்குக் கல்

மூன்றாவது தடவையும் ஜீப்பின் சொந்தக்காரர் நமசிவாயம் கல்லை வைத்துவிட்டார். அடைக்கலநாதன் கைபிறேக்கை இழுத்து, எஞ்சினை நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு ஜீப்பிலிருந்து இறங்குவதற்குள், அந்த வெள்ளைக்கல் பின் சில்லின் கீழே வந்து குந்தியிருந்தது. தேங்காயளவு கல். ரயர் உரசி உரசி ஒரு பக்கம் கறுத்திருந்தது.

"அண்ணை, உதை ஏன் இப்ப வைச்சனீங்கள்?"

"வண்டி நிண்டிட்டுதுதானே தம்பி."

"நிண்டது பிறேக்கிலையோ கல்லிலையோ எண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"நிண்டால் சரிதானே," என்றார் நமசிவாயம், கோவிலில் பிரசாதம் வாங்கியவரைப்போல அமைதியாக.

அடைக்கலநாதனுக்குத் தலையைக் கொண்டுபோய் எங்காவது மோதலாம்போல இருந்தது. நெல்லியடியில் அவனுடைய கராஜைச் சுற்றி மேடு என்று சொல்ல இருப்பது ஒரேயொரு மதகு. யாழ்ப்பாணத்தில் மலையா இருக்கிறது, கைபிறேக்கைச் சோதிக்க? பாதிப் பேர் வாகனம் வாங்கின நாளிலிருந்து அதைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. அந்த மதகடியில் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினால், இந்த மனுசன் கல்லோடு வந்து நிற்கிறார். வெங்காயம் ஏற்றப்போனாலும் செத்தவீட்டுக்குப் போனாலும் ஆசனத்துக்குக் கீழே கல் இருக்கும். மனுசி இல்லாமல் போனாலும் போவாராம், கல் இல்லாமல் போகமாட்டாராம். அவருடைய ஊரான கரவெட்டியில் சின்னப்பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை அது.

கைபிறேக் இல்லாமல் இத்தனை வருடம் ஓடிய ஜீப்புக்கு இப்போது அது தேவைப்பட்டதற்குக் காரணம், அவருடைய மகள் நிவேதனாவின் கலியாணம். படம் எடுக்க வந்த ஜெனிஸ்ரன் வீட்டு வளவுக்குள் நின்ற அந்த அறுபது வருட லாண்ட்றோவரைக் கண்டு துள்ளிக் குதித்தானாம். கடற்கரையில் வள்ளம் இறக்குகிற கொங்கிறீற் சரிவில் ஜீப் நிற்க வேண்டும், பொம்பிளையும் மாப்பிள்ளையும் மட்டும் உள்ளே இருக்க வேண்டும், பின்னால் கடல். சாரதி படத்தில் விழக்கூடாது, கல்லும் விழக்கூடாது. நாளைக்குப் பின்னேரம். பிறேக் விட்டால் பெடியனும் பெட்டையும் கலியாணத்துக்கு முதலே கடலுக்குள் போவார்கள்.

காலையில் ஜீப்புக்குக் கீழே படுத்துப் பார்த்தபோதே அவனுக்குப் பத்திக்கொண்டு வந்தது. கைபிறேக் தடியைத் தாங்குகிற இரும்புத்துண்டு சேசிஸிலிருந்து பிய்ந்து தொங்கியது. அது பிய்ந்தது கூடப் பெரிய விசயமில்லை. முன்பு ஒருவன் அதை வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தானே, அந்த வேலைதான் அவனைக் கொதிக்க வைத்தது. துருவைச் சுரண்டாமல், உக்கின தகட்டின் மேலேயே எச்சில் போட்டு முத்திரை ஒட்டினமாதிரி ஒட்டியிருந்தான். "ஆர் அண்ணை உதை ஒட்டின விசரன்? வெல்டிங் கோலைப் பிடிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் ஆர் கராஜ் போட்டுக் குடுத்தது?" என்று கீழே கிடந்தபடியே கத்தினான். துருவை வெட்டி எடுக்கும்போது கத்தினான், புதுத் தகடு வைக்கும்போது கத்தினான், இனிக் கத்த ஒன்றுமில்லை என்ற பிறகும் கொஞ்சம் கத்தினான். நமசிவாயம் கதிரையில் இருந்து பால் விடாத பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு "ஓம், ஓம்" என்றார்.

"வாங்கோ, அந்தச் சரிவுக்கே போவம்," என்றான் கடைசியில், மதகடியில் நின்றபடி.

சந்தையடியில் நமசிவாயத்தின் மனைவி இராசமலர், தையல்காரியிடம் வாங்கிய சட்டைகள் இருந்த பையோடு நின்றார். "ஏறுங்கோ அக்கா, கடற்கரைச் சரிவுக்குத்தான் போறம்," என்றான். "இல்லைத் தம்பி, நான் ஓட்டோவிலை பின்னாலை வாறன்." ஜீப்பில் இடம் இருக்க ஏன் ஓட்டோ என்று அவனுக்கு விளங்கவில்லை. இந்தக் குடும்பமே ஒரு தினுசு என்று நினைத்துக்கொண்டான்.

சரிவில் ஜீப்பின் மூக்கு கரையைப் பார்க்க, பின்பக்கம் கடலைப் பார்க்க நிறுத்தினான். தடியை இழுத்தான். புதிய தகடு அசையவில்லை. மனம் குளிர்ந்து கீழே இறங்கினால், கல் ஏற்கெனவே வந்திருந்தது.

அதோடு அவனுடைய பொறுமை முடிந்தது.

"என்னிலை நம்பிக்கை இல்லாட்டி என்னட்டை ஏன் கொண்டந்தனீங்கள்? முந்தி உதை ஒட்டின அந்த மடையனிட்டையே கொண்டுபோய்க் குடுத்திருக்கலாமே!"

நமசிவாயம் கடலைப் பார்த்தார். ஓட்டோவிலிருந்து இறங்கிய இராசமலர் இடது காலைச் சற்று இழுத்து இழுத்து நடந்து வந்தார். இவ்வளவு நாளும் அதை வாதம் என்று நினைத்திருந்தான்.

"தம்பி, அது நீங்கள் ஒட்டினதுதான்," என்றார் இராசமலர்.

"நானோ?"

"பதினொரு வருசமாகுது. நீங்கள் கராஜ் திறந்த புதுசு. ஒட்டிக் கொண்டந்து நாலாம் நாள், இவர் கேற்றடிச் சரிவிலை பிறேக்கை இழுத்துப்போட்டு இறங்கினவர். நான் கேற்றைத் திறந்துகொண்டு பின்னாலை நிண்டனான். சில்லு காலிலை ஏறிப்போட்டுது. மூண்டு மாதம் மந்திகை ஆசுப்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சம். அதுக்குப் பிறகு நான் உந்த ஜீப்பிலை ஏறினதில்லை."

அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அதுதான் இன்னும் கூடச் சுட்டது. அந்த வருடம் எத்தனையோ வாகனம், எத்தனையோ அவசர வேலை. காலையிலிருந்து தன் கையெழுத்தைத் தானே வாசித்துக் காறித் துப்பியிருக்கிறான்.

"ஏன் அண்ணை எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"எப்பிடித் தம்பி முகத்துக்கு நேரை சொல்லுறது?" நமசிவாயம் இன்னும் கடலைத்தான் பார்த்தார். "கடை திறந்து ரெண்டு மாதம். கதை வெளியிலை போனால் ஆர் உன்னட்டை வருவினம்? ஒரு கல்லை வைச்சால் முடிஞ்சுது எண்டு விட்டிட்டன்."

"இப்ப ஏன் திரும்பவும் என்னட்டை?"

"நான்தான் சொன்னனான்," என்றார் இராசமலர். "எந்த இடத்திலை பிழைச்சதெண்டு உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சன்."

இராசமலர் கையிலிருந்த பையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, ஜீப்பின் கதவைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து ஏறி உட்கார்ந்தார். ஜீப் ஒருமுறை முனகி அடங்கியது.

"இஞ்சேரப்பா, இறங்கு. என்ன விளையாட்டு இது?" என்றார் நமசிவாயம்.

"நாளைக்கு மோள் இருக்கப்போற இடம். இண்டைக்கு நான் இருந்து பாக்கிறன். கல்லை எடுங்கோ."

நமசிவாயம் அசையவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். "தம்பி, நீங்களாவது எடுங்கோ," என்றார் இராசமலர்.

வேலை சரியான வேலை. துருவெல்லாம் வெட்டியாயிற்று, தகடு புதிது, போல்ற் புதிது, காலையில் சுத்தியலால் அடித்துப் பார்த்ததும் அவனேதான். அடைக்கலநாதன் குனிந்து கல்லைப் பற்றினான். மெல்ல இழுத்தான். கல் வந்துவிட்டது. சில்லு அப்படியே நின்றது.

இராசமலர் முன்னே கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அலை வந்து அவனுடைய செருப்பை நனைத்துவிட்டுப் போனது.

"நிண்டிட்டுது தம்பி," என்றார் நமசிவாயம். "நிண்டிட்டுது. கல்லைக் கீழை போடு."

"பொறுங்கோ அண்ணை," என்றான் அடைக்கலநாதன். அடுத்த அலை முழங்கால்வரை வந்தது. அவன் பின் சில்லை விட்டுக் கண்ணை எடுக்காமல், கல்லை இரண்டு கையாலும் பிடித்தபடி, கடலுக்கும் ஜீப்புக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.