உள்ளான் நாற்பது

இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலை மறியல் நடந்த காலம். பங்குனியில் பெரிய வியாழனன்று, ஈஸ்டருக்காக ரிஷிவந்தியத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள் ஏஞ்சலின். கடலோரத்தில் ஒரு பறவை ஆய்வு நிலையத்தில் அவளுக்கு வேலை. குளிர்காலம் கழிந்து வடக்கே திரும்பும் பறவைகளை விடியற்காலையில் எண்ணி நோட்டில் எழுதுவாள். இரண்டு மாதக் கணக்கும் அந்த ஒரே நோட்டில்தான் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து பிரதி எடுக்கலாமென்று பையில் வைத்திருந்தாள்.

எலவனாசூர்கோட்டையைத் தாண்டியதும் கள்ளக்குறிச்சி பஸ் நின்றது. சாலைக்குக் குறுக்கே வெட்டிச் சாய்த்த புளியமரம், அப்பால் பெருங்கூட்டம். பழக்கதோஷம், ஏஞ்சலின் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'மணி 3.20, சுமார் 150 பேர்' என்று குறித்தாள். எழுதிய பிறகுதான் உறைத்தது. கிழிப்பதற்குள் இரண்டு பேர் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

முந்தின நாள் யாரோ மஃப்டியில் வந்து பெயர்களை எழுதிக்கொண்டு போனதில் பதினோரு பேரைப் போலீஸ் பிடித்துப் போயிருந்தது. ஏறியவர்களில் ஒருவனான பொன்னுரங்கத்தின் தம்பியும் அதில் உண்டு. பொன்னுரங்கம் அவள் பையிலிருந்து முதலில் பைனாகுலரை எடுத்தான், பிறகு நோட்டை. அவளைக் கீழே இறங்கச் சொன்னான்.

"'5.50, உள்ளான் நாப்பது, வடக்கு.' யாரு உள்ள இருக்கான்? நாப்பது பேரு எங்க போனான்?"

"அது குருவிங்க. பேரே உள்ளான்தான். கடலோரத்துல குருவி எண்ற வேலைங்க எனக்கு."

"குருவி எண்றதுக்குச் சம்பளமா?"

சுற்றி நின்ற யாரும் சிரிக்கவில்லை. அவன் ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். அவள் கண் அவன் விரலை விட்டு நகரவில்லை.

மறியல்காரர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த பச்சையம்மாள் அகப்பையோடு எழுந்து வந்தாள். "உள்ளான் எங்க ஏரிக்கும் வரும். தையில இன்னா நெறம், இப்ப இன்னா நெறம், சொல்லு."

"தையில சாம்பலுங்க. இப்ப கழுத்துல செவப்பு ஏறிக்கினு வரும். கொழுப்பும் ஜாஸ்தி. தூரம் பறக்கணுமில்ல."

"சரியாத்தான் சொல்லுது. இந்த மாசத்துல உரிச்சா கையெல்லாம் கொழுப்பு ஒட்டும். உட்டுடு, பொன்னுரங்கம்."

அவன் விடவில்லை. நான்கைந்து தாள்தான் பாக்கி. அவனாகக் கண்டுபிடித்தால் பச்சையம்மாள் சொல்லும் எடுபடாது.

"அண்ணா, கடசிப் பக்கத்துல உங்களயும் எண்ணிட்டேங்க. பழக்கத்துல கை எழுதிடுச்சி. பேரு ஒண்ணும் எழுதல."

அவன் அந்தப் பக்கத்தைப் படித்தான். "இப்டி எழுதித்தான் என் தம்பிய இட்டுக்கினு போனாங்க" என்றான், குரலை உயர்த்தாமல். தாளைக் கிழித்து அடுப்பில் போட்டான்.

அதன் மறுபக்கத்தில்தான் அன்று காலைக் கணக்கு இருந்தது. அந்தப் பருவத்திலேயே பெரிய பறவைக் கூட்டம் போன காலை. பையையும் பைனாகுலரையும் நோட்டையும் கையில் கொடுத்தவன், "நடந்து போயிடும்மா. பஸ் இன்னிக்குப் போவாது" என்றான்.

காலை எண்களை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். எங்காவது போலீஸ் ஜீப் சத்தம் கேட்டபோதெல்லாம் எண்கள் குழம்பின.

"இன்னாடி, மூஞ்சி இப்டி வெளுத்துக் கெடக்கு?" என்று கேட்ட அம்மாவைத் தாண்டிப் போய், தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுத உட்கார்ந்தாள். ஆலா 312. பூநாரை 66. உள்ளான் ஆயிரத்து நானூறா, ஆயிரத்து நாற்பதா? கடைசியில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, பக்கத்தில் 'தாள் இல்லை' என்று மட்டும் எழுதினாள்.