தவளை அணிந்த தலைவர்

தங்கப் பருந்தை மார்பில் அணிந்தவர் தரைக்கு ஒரு சாண் மேலே நிற்பது குவாத்தவிதா ஏரிக்கரையில் புதிய செய்தி அல்ல. எங்கள் தலைவர்களின் போர்வை ஓரத்தில் சேறு படாததற்குக் காரணமே அதுதான். பழைய தலைவர் இறந்ததும், அவருடைய தங்கை மகன் நெயுத்தா பதவிக்கு வந்தான். முறைப்படி ஆறு வருடம் வெயில் படாத வீட்டில் உப்பில்லாமல் தின்று விரதம் இருந்தவன். பாவம், முளைக்கீரைத் தண்டாய் வெளுத்திருந்தான். அவனுக்குப் பருந்து வார்க்கும் வேலை பொற்கொல்லர் பிராகூனிடம் வந்தது.

அந்த வருடம் மழை பொய்த்திருந்தது. ஏரிக்குக் காணிக்கையாகப் போட ஒரு தவளை வேண்டும் என்று விதவை குவாகெத்தாவும் பிராகூனிடம் சொல்லியிருந்தாள். இரண்டையும் தேன்மெழுகில் செய்து, களிமண் பூசிச் சூளையில் வைத்தார். மெழுகு உருகி ஓடியபின் இரண்டும் ஒரே மாதிரி மண் உருண்டைகள். அடையாளம் போடும் வழக்கம் அவருக்கு இல்லை, அவ்வளவு திமிர். தலைவரின் தங்கத்தைத் தவளை அச்சிலும், குவாகெத்தாவின் செம்பு கலந்த தங்கத்தைப் பருந்து அச்சிலும் ஊற்றிவிட்டார். வார்த்த விலங்கை மறுபடி உருக்குவது எங்களுக்குக் கொலைக்குச் சமம். யார் கொடுத்த தங்கமோ, அதில் பிறந்தது அவருக்கே.

தவளையை அணிந்து வந்த முதல் சபையில் நெயுத்தா வாயைத் திறந்ததும் பேச்சுக்கு முன்னால் தவளைச் சத்தம் வந்தது. கூடவே ஒரு பாய் அகலத்துக்கு, அவன் மேல் மட்டும் மழை கொட்டியது.

"ஏம்ப்பா, நாம தலைவரைத் தேடுறமா, கொளம் வெட்டுறமா?" என்றார் படைத்தலைவர் சஸ்தோகே. பத்தாம் நாள் சபை கூடி அவனை இறக்குவது என்று முடிவாயிற்று. நெயுத்தா அழுதான். மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

மறுநாளே குவாகெத்தாவைத் தேடிப் போனான். அவள் பருந்தை மாட்டிக்கொண்டு ஒரு சாண் மேலே நின்றபடி, கொல்லைச் சோளத்தில் உச்சிக் கதிர்களைப் பறித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அதை எனக்குக் குடுத்துடுங்க. ஆறு வருஷம் உப்பில்லாம கெடந்தது கத்துறதுக்கா?"

"எடுத்துக்க தம்பி, எனக்கெதுக்கு? ஆனா காலுக்குக் கீழ பாரு."

மழையோடு அவன் நின்ற இடத்தில் வாடிக் கிடந்த பயிர் தலைதூக்கியிருந்தது.

"அந்த ஓரத்துலயும் செத்த நில்லு. அப்புறம் கழட்டித் தர்றேன்."

ஓரம் ஓரமாக நின்றதில் உச்சிவெயில் வந்துவிட்டது. தங்கள் கொல்லைக்கும் அவனை அழைத்துப்போக, வேலிக்கு வெளியே சோளக்கள் குடங்களோடு ஊரே வரிசையில் நின்றது. அவள் பருந்தைக் கழற்றி நீட்டினாள். நெயுத்தா வரிசையைப் பார்த்தான், அதை வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு அவனைப் பிடித்துப்போனது அன்றுதான்.

பத்தாம் நாள் சபை சஸ்தோகேயின் உருளைக்கிழங்குக் கொல்லையில் கூடியது. அன்று மழை வாங்க அவருடைய முறை என்பதால் தலைவரை அங்கிருந்து நகர்த்த அவருக்கு மனம் வரவில்லை. பெரியவர்கள் நெருக்கியடித்து அந்தப் பாய் அகலத்துக்குள் நனைந்தபடி உட்கார்ந்தார்கள். பதவி விஷயத்தை ஒருவரும் எடுக்கவில்லை. நாளைக்குத் தலைவர் யார் கொல்லையில் உட்காருவது என்பதில்தான் சாயங்காலம்வரை சண்டை.